மிதக்கும் மாளிகையிற் பந்திவஞ்சகம்

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். செய்யுளின் வனப்புக்களை வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றற்கு விருந்து என்று பெயரிட்டதும் அப்பொருள் பற்றியே. புதிதாக வந்தவன், முன்பின் அறியப்படாதவன், நாளை மீண்டும் வருவானோ மாட்டானோ என்பது தெரியாதவன், அவனே விருந்தினன். சுற்றத்தானுக்குச் சோறிடுதல் வேறு, விருந்தோம்பல் வேறு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வள்ளுவரும் இல்லறவியலில் இதற்கென ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தார். அறியாதவனுக்கு இடுகின்ற கை கைம்மாறு கருதாத கை என்பதே இதன் உட்கிடை.

இச்சொல் இன்று கடலின்மேல் என்ன பாடு படுகின்றது என்பதைப்பற்றியே எழுத விரும்புகிறேன். உல்லாசப் பயணக் கப்பற் கம்பனிகள், காசு கொடுத்து ஏறுபவரைப் பிரயாணி என்று அழைப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டன. விளம்பரத்திலும் விருந்தினர், அறிவித்தலிலும் விருந்தினர், கணக்குச் சீட்டிலும் விருந்தினர். ஆனால் அவ்விருந்தினருள் யார் அதிக மதிப்புக்குரியவர்? பலமுறை வந்தவர். ரோயல் கரிபியன் என்னும் பெருங் கம்பனியின் வழக்கத்தைப் பாருங்கள். கப்பலில் உறங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு புள்ளி உண்டு. சொகுசறையில் உறங்கினாலோ அதே இரவுக்கு இரண்டு புள்ளி. 700 புள்ளி சேர்த்தவர் உச்சிப் படியில் ஏறிவிடுகிறார். மெத்தையின் விலைக்கேற்ப ஓர் இரவு ஈரிரவாகும் இந்த அற்புதம் புராணங்களிலும் இல்லாதது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்ன நம் கிழவர்கள் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். புதியவனுக்குரிய சொல்லைப் பழகியவனுக்குச் சூட்டி, அவனது பழக்கத்தையும் பணத்தையும் எண்ணி மரியாதையை அளந்து கொடுப்பதற்கு வாணிகம் என்று பெயர். வாணிகம் பாவமன்று. அதற்கு விருந்து என்று பெயரிடுவதுதான் என் காதுக்கு ஒவ்வவில்லை.

நம்மவர் வழக்கில் இதைப் பற்றிப் பேசுவதற்கு மிகப் பொருத்தமான ஒரு சொல் இருக்கிறது. பந்திவஞ்சகம். ஒரே பந்தியிலே அமர்ந்தவர்களுள் ஒருவர் இலையில் நெய்யும் மற்றவர் இலையில் வெறுஞ்சோறுமாகப் பரிமாறுவதையும், முகம் பார்த்து அள்ளுவதையும் அச்சொல் குறிக்கும். கலியாண வீடுகளிற் பிள்ளைகள் முதன்முதலாகப் பரிமாறப் போகும்போது தாய்மார் சொல்லி அனுப்பும் எச்சரிக்கையும் அதுவே. வீட்டிலே ஏழ்மை இருக்கலாம், கறி குறையலாம், அப்பளம் ஒன்றை இரண்டாக உடைக்கலாம். அவையெல்லாம் குற்றமல்ல. இலைக்கு இலை வேற்றுமை காட்டுவதே குற்றம். இந்த அளவுகோலைக் கையிலே பிடித்துக்கொண்டு கப்பலின் போசனசாலைக்குட் புகுந்து பார்ப்போம்.

இன்பத்துக்காக மட்டும் கடலிற் செல்லும் வழக்கத்துக்குப் பெரிய அளவில் வழிகோலியவர் ஜேர்மனியரான அல்பேட் பாலின். ஹம்பர்க் நகரத்துக் கப்பற் கம்பனியொன்றை நடத்திய அவர், மாரிகாலத்தில் அத்திலாந்திக் கடலைக் கடக்க ஆளின்றிக் கப்பல்கள் துறைமுகத்தில் வீணே கிடப்பதைக் கண்டார். 1891 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'ஓகுஸ்ரா விக்ரோறியா' என்ற கப்பலில் 241 பேரை ஏற்றி மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டார். போகவேண்டிய இடம் என்று எதுவுமில்லாத பிரயாணத்திற் கப்பலே இடமாகிவிடுகிறது. உணவே நாளின் பெருநிகழ்ச்சியாகிவிடுகிறது. அதே பாலின் 1905 இல் 'அமெரிக்கா' என்னும் கப்பலிலே றிட்ஸ் ஹோட்டலின் பெயராற் புகழ்பெற்ற சேசர் றிட்ஸையும், சமையற்கலையில் ஒப்பாரற்ற ஒகுஸ்ற் எஸ்கோபியேயையும் கொண்டு ஒரு தனி உணவகத்தை நிறுவினார். கட்டணத்தில் அடங்கிய பொது உணவை விட்டு, வேண்டியதை வேண்டிய வேளையிற் கேட்டு, அதற்குத் தனியே பணங் கொடுத்து உண்ணும் முறை அவ்வாறு கடலுக்கு வந்தது. இன்று ஒவ்வொரு கப்பலிலும் ஐந்தும் பத்துமாக இருக்கும் மேலதிகக் கட்டண உணவகங்களுக்கெல்லாம் இதுவே முன்னோடி.

அந்த முறையின் முழு வடிவத்தை 1912 இல் டைட்டானிக் கப்பலிற் காணலாம். முதலாம் வகுப்பினருக்கு மட்டுமே உரிய தனி உணவகத்தை லூயிஜி கற்றி என்னும் இத்தாலியர் குத்தகைக்கு நடத்தினார். அவருடைய ஏறக்குறைய எழுபது ஊழியர்களிற் பெரும்பாலோர் இத்தாலியரும் பிரெஞ்சுக்காரருமாவர். கப்பற் கம்பனியின் மாலுமிகள் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. ஏறிய பிரயாணிகள் வரிசையிலும் இடமில்லை. கப்பல் மூழ்கிய இரவில் அவர்களுள் உயிர் தப்பியோர் மூவர் மாத்திரமே. காசாளர்களான பெண்கள் இருவர், சமையற் பகுதியின் எழுதுவினைஞர் ஒருவர். அந்த எழுதுவினைஞர் பின்னர் பிரித்தானிய விசாரணையிற் சாட்சி கூறியபோது, தம் தோழர்கள் மேற்றளத்துக்குச் செல்லவிடாது தடுக்கப்பட்டதையும், தாம் பிரயாணிபோல உடுத்தியிருந்தமையாலேயே தம்மைப் போகவிட்டார்கள் என்று தாம் கருதுவதையும் தெரிவித்தார். உபசாரத்தின் உச்சியிலே நின்றவனுக்கு ஆபத்து வேளையில் உடையே உயிராயிற்று. கப்பலின் வகுப்புப் பிரிவைப்பற்றி எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டுள்ளன. என் நினைவிற் பதிந்திருப்பது அந்த உடைதான்.

பிறகு காலம் மாறியது. 1958 அளவில் அத்திலாந்திக்கைக் கப்பலிற் கடந்தோரிலும் ஆகாய விமானத்திற் கடந்தோர் தொகை மிகுந்தது. சுயெஸ் கால்வாய் 1967 முதல் 1975 வரை மூடிக்கிடந்தது. அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற பிரயாணக் கப்பல்கள் கொழும்புக்கு வந்து நங்கூரமிட்ட காட்சியும் மறைந்துபோயிற்று. வேலையிழந்த பழங் கப்பல்கள் பல உல்லாசப் பயணத்துக்குத் திரும்பின. 1972 இற் கார்னிவல் கம்பனி, 'எம்பிரஸ் ஒவ் கனடா' என்ற பழைய கப்பலை வாங்கி 'மார்டி கிறா' எனப் பெயர் மாற்றி மயாமியிலிருந்து விட்டது. அது முதற்பயணத்திலேயே மணற்றிட்டில் ஏறிக்கொண்டது வேறு கதை. அக்காலத்திலே வகுப்புச் சுவர்கள் பெரும்பாலும் இடிந்தன என்பது உண்மை. தட்டச்சு வேலை செய்யும் பெண்ணும் வைத்தியரும் ஒரே மண்டபத்தில் உண்டார்கள், ஒரே தடாகத்தில் நீந்தினார்கள். அறை சிறிது பெரிது என்பதைத் தவிர வேறு வேற்றுமை அதிகமில்லை. நவீன உல்லாசக் கப்பலின் வரலாற்றிலே நான் மதிக்கும் காலம் அதுவே. அதைக் கீழ்த்தரமான களியாட்டம் என்று முகஞ்சுளித்தோர் பலர். முகஞ்சுளித்தோர் பெரும்பாலும் பழைய முதலாம் வகுப்பினரே.

இடிந்த சுவர் மறுபடி எழும்பியிருக்கிறது என்பதே இன்றைய செய்தி. குனாட் கம்பனி இந்தப் பிரிவை முற்றாகக் கைவிட்டதேயில்லை. 2004 இற் கடலிலிறங்கிய அதன் 'குயீன் மேரி 2' கப்பலிற் குயீன்ஸ் கிறில், பிறின்சஸ் கிறில், பிரித்தானியா என்று போசனசாலைகள் உள்ளன. நீர் வாங்கிய அறை எது என்பதே நீர் உண்ணுமிடம் எது என்பதை நிருணயிக்கும். 2008 இல் 'எம்எஸ்சி பன்ராசியா' என்னும் கப்பலில் யொற் கிளப் என்ற பகுதி அமைக்கப்பட்டது. நோர்வீஜியன் கம்பனி தன் கப்பல்களில் அதேபோன்ற பகுதிக்கு ஹேவன், அதாவது புகலிடம், என்று பெயர் வைத்தது. எதிலிருந்து புகலிடம்? புயலிலிருந்தன்று, கடலிலிருந்துமன்று. கீழ்த்தளத்திலுள்ள சகபிரயாணிகளிடமிருந்துதான். கப்பலுக்குள்ளே ஒரு கப்பல் என்று அவர்களே பெருமையோடு சொல்லுகிறார்கள். தனி வாயில், தனி உணவகம், தனித் தடாகம், தனி வெயிற்றளம், இரவும் பகலும் அழைத்தால் வரும் பட்லர், வேண்டுவனவற்றை ஒழுங்குசெய்து தர ஓர் அலுவலர். அறைத்திறப்பாகப் பயன்படும் அட்டையைக் காட்டினாலன்றி அக்கதவு திறவாது.

2024 ஜனவரியிற் பயணந் தொடங்கிய 'ஐக்கன் ஒவ் த சீஸ்' கப்பலை எடுத்துக்கொள்வோம். இருபது தளம், 248,663 தொன் கொள்ளளவு, நிறையும்போது 7,600 பிரயாணிகள், அவர்களுக்கு ஊழியஞ்செய்ய 2,350 பேர். நம் நாட்டின் ஒரு நடுத்தரப் பட்டினம் கடலில் மிதக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதிலே சாளரமற்ற அறைகளும் உண்டு. மூன்று மாடியும், ஒரு மாடியிலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்கி விழச் சறுக்குமரமும் கொண்ட குடும்ப மாளிகையொன்றும் உண்டு. சொகுசறையினர் தொகுதி தனியான ஒரு பேட்டை. அவர்களுக்கென வேறு உணவகம். அவர்களுள்ளும் மிகமேலான படியினருக்கு, ஜீனி என்று பெயர் சூட்டப்பட்ட பணியாளர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அலாவுதீனின் விளக்கிலிருந்து புறப்பட்ட பூதம்! அக்கதையில் அப்பூதம் ஓர் அடிமை என்பதைப் பெயரிட்டவர் மறந்தார்போலும்.

சொகுசறையில் என்னதான் கிடைக்கிறது என்று ஒரு கம்பனியின் விளம்பர நூலைக் கையிலெடுத்து ஊன்றி வாசித்தேன். பெரிய கட்டில், நல்ல துவாய், கடலைப் பார்க்கும் பலகணி என்பன முதலிற் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. அதற்குப் பின் வருவன எல்லாம் வரிசையைப் பற்றியவை. ஏறும்போது முன்னுரிமை, இறங்கும்போது முன்னுரிமை, உணவகத்தில் இடம் பிடிப்பதில் முன்னுரிமை, நாடகசாலையில் ஒதுக்கப்பட்ட ஆசனம். ஆகவே விற்கப்படும் பொருளிற் பெரும்பகுதி மற்றவரைக் காத்திருக்க வைக்கும் உரிமை. காத்திருப்போர் இல்லாவிட்டால் இவ்வுரிமைக்கு விலையுமில்லை. ஏழாயிரம் பேருக்கு ஒரே வேளையில் உணவிடக்கூடிய மண்டபம் எதுவுமில்லாமையால் வரிசை தானாகவே உண்டாகிறது. அவ்வரிசையைக் குறைக்கும் ஊக்கம், அதிலிருந்து விடுதலையை விற்கும் கம்பனிக்கு எவ்வாறு உண்டாகும்?

இக்கேள்வி புதியதன்று. ஜூல் டுப்புவி என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1849 இலேயே இதன் மருமத்தை விளக்கிவிட்டார். அக்காலப் புகையிரதங்களின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இருப்பதில்லை. கூரையிடும் செலவைச் சேமிப்பதற்காகவே கம்பனிகள் இவ்வாறு செய்தன என்று யாவரும் எண்ணினர். டுப்புவி மறுத்தார். கூரைக்கு ஆகும் செலவு அற்பம். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்க வல்லவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாதே என்று அவனை அச்சுறுத்தவே கூரை நீக்கப்பட்டது என்றார். அந்த அச்சத்துக்கு விலையாக உண்மை ஏழை மழையில் நனைந்தான். பணக்காரன்மேற் கோபமில்லை, ஏழைமேற் பகையுமில்லை, இடையிலுள்ளவனின் சட்டைப்பையே குறி. கப்பலின் பொதுமண்டபத்திலே இப்பொழுது நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணத்தில் எல்லா உணவும் அடங்கும் என்று ஒருகாலத்திற் சொல்லப்பட்டது. இன்றோ அதே மண்டபத்தில், அதே மேசையில், சில இறைச்சி வகைகளுக்கும் சிங்க இறாலுக்கும் மேலதிகப் பணம் கேட்கும் வழக்கம் பல கப்பல்களிற் புகுந்துவிட்டது. பக்கத்திலிருப்பவன் தட்டில் ஒன்று, என் தட்டில் ஒன்று. இதற்கு நம்மூர்ச் சொல்லைத் தவிர வேறு சொல்லை நான் அறியேன்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது உண்டு. சொகுசறைக்காரன் கொடுக்கும் பெரும்பணத்தினாலேயே உள்ளறைக்காரனின் கட்டணம் மலிவாயிருக்கிறது, அவன் இல்லாவிடில் இவன் கடலையே காணமாட்டான் என்பர். அதிலே உண்மை இல்லாமலில்லை. ஆசிரியனும் எழுதுவினைஞனும் தம் குடும்பத்தோடு ஒரு வாரம் கடலிற் செல்ல முடிகிறதென்றால் அதற்கு அக்கணக்கும் ஒரு காரணமாகலாம். பெரிய அறைக்குப் பெரிய விலை வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. புகையிரதத்திலும் வைத்தியசாலையிலும் நாடகக் கொட்டகையிலும் வேற்றுமை இல்லையா என்றும் கேட்பர். உண்டு. ஆனால் ஊரிலே ஒரு ஹோட்டல் வாயிலில் என்னை நிறுத்தினால் நான் அடுத்த தெருவுக்கு நடந்து போவேன். கடலில் அடுத்த தெரு இல்லை. ஏழுநாள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி, புயல் வந்தால் ஒன்றாகவே ஆடவேண்டியவர்களை, உண்ணும் வேளையிற் பிரிப்பதில் ஏதோ ஒரு கோணல் இருக்கிறது. முதியவரும் நோயாளரும் வரிசையில் நிற்க முடியாது என்பது மெய். அவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதற்கு வயதும் நோயும் போதும். பணப்பை எதற்கு?

இனிப் பரிமாறுபவனுக்கு வருவோம். எனக்கு உள்ளத்தைத் தைப்பது இப்பகுதியே.

நம் நாட்டில் ஊழியனுக்கு மனமுவந்து கொடுக்கும் சிறு பணத்துக்குச் சந்தோஷம் என்று ஓர் அழகான பெயர் இருக்கிறது. கப்பலில் அச்சந்தோஷம் நாட்கணக்கில் விதிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் ரோயல் கரிபியன் கம்பனி அதை ஒருவருக்கு ஒரு நாளுக்கு 18 டொலர் என்றும், சொகுசறையினருக்கு 20.50 டொலர் என்றும் உயர்த்திற்று. கணவனும் மனைவியும் ஏழுநாள் சாதாரண அறையிற் பயணஞ் செய்தால் அவ்வீதப்படி அன்று 252 டொலர் கணக்கில் ஏறிற்று. விரும்பாதவர் அலுவலகத்துக்குச் சென்று அதை நீக்கும்படி கேட்கவும் வழியுண்டு. அதாவது கம்பனி தரவேண்டிய ஊதியத்தின் ஒரு பகுதி பிரயாணியின் தயவுக்கு விடப்படுகிறது. ஊழியனுடைய முகம் அத்தயவைக் காக்கவேண்டியிருக்கிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்நாட்டுச் சட்டமே பெரும்பாலும் அவனை ஆளும். ஐக்கன் கப்பல் பறக்கவிடுவது பகாமஸ் கொடி. 2006 இல் நிறைவேறி 2013 ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கை, இருபத்துநான்கு மணிநேரத்திற் குறைந்தது 10 மணிநேர ஓய்வு, ஒரு வாரத்தில் 77 மணிநேர ஓய்வு என்று விதித்தது. அல்லது வேலைநேரத்தை நாளுக்கு 14 மணியாகவும் வாரத்துக்கு 72 மணியாகவும் மட்டுப்படுத்தலாம். இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் 72 மணிநேரம் சட்டப்படி வேலைசெய்யலாம் என்பதையும் அதே வரியிலிருந்து நாம் வாசித்துக்கொள்ளவேண்டும்.

உயர்தரப் பரீட்சைக்குப் பின் ஹோட்டற் பயிற்சி பெற்றுக் கப்பலுக்குப் போகும் இளைஞர் இன்று நம் மாணவர்களுள்ளும் உளர். என்னிடம் படித்த ஒருவன், சில ஆண்டு கப்பலில் வேலைசெய்து திரும்பியவன், ஒருநாள் என்னைக் காண வந்தான். ஊர்க் கலியாணங்களிற் சாம்பார் வாளியைத் தூக்கினால் கடைசி இலைவரை நிமிராத பையன் அவன். சொகுசறையினர் உணவகத்திற் பரிமாறினானாம். ஏறிய முதல்நாளே விருந்தினர் பெயர்களையும் விருப்பங்களையும் மனனஞ் செய்யவேண்டும். கப்பலின் அடித்தளத்தில் முனையிலிருந்து முனைவரை நீளும் ஊழியர் நடைபாதை உண்டு. பல கப்பல்களில் அதற்கு அமெரிக்க நெடுஞ்சாலையொன்றின் பெயரை வைத்து 'ஐ 95' என்பார்கள். அங்கிருந்து மேலே வரும்போது முகத்தை மாற்றிக்கொண்டுதான் கதவைத் திறப்பார்களாம். ஊழியர் உண்ணும் இடத்திலும் அதிகாரிகளுக்கு ஓர் அறை, நடுத்தரத்தாருக்கு ஓர் அறை, மற்றையோருக்கு ஓர் அறை என்று மூன்று பந்தி. மேலே உள்ள வேற்றுமை கீழேயும் நிழலிடுகிறது. பேச்சினிடையே அவன் சொன்னான்: "சேர், அங்கை ஒரு அம்மாவுக்கு முட்டை எத்தினை நிமிஷம் அவிக்கோணும் எண்டு எனக்கு இப்பவும் தெரியும். என்ரை அம்மாவுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டால் யோசிச்சுத்தான் சொல்லோணும்." அவன் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகவே சொன்னான். வேலை அவனுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது, தங்கையின் கலியாணத்தையும் நடத்தியிருக்கிறது. அதை நான் இலேசாக எண்ணவில்லை.

எழுத்தாளரும் இவ்விருந்தில் உண்டவர்களே. 1844 இல் பி அன்ட் ஓ கம்பனி நாவலாசிரியர் தக்கரேக்கு இலவசமாக இடமளித்து மத்தியதரைக் கடற்பக்கம் அனுப்பியது. அவர் எழுதிய பிரயாண நூல் 1846 இல் வெளிவந்தது. அதைத் தம் கப்பற் தலைவர் ஒருவருக்கே அர்ப்பணஞ் செய்தார். உப்பிட்டவரை நினைத்தார் என்று கொள்வோம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1995 இல் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் பொஸ்ரர் வொலஸ், ஹாப்பர்ஸ் சஞ்சிகையின் செலவில் 'செனித்' என்னும் கப்பலிற் சென்றார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நீண்ட கட்டுரையைக் கப்பற் பயணத்தைப்பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது என்பேன். தொழிலுக்காகச் சிரிக்கப்படும் சிரிப்பு, சிரிப்பென்பதன் மேலேயே நம் நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது என்பதை அவர் கண்டார். உபசாரம் மிக மிக, உபசரிக்கப்படுபவன் அடம்பிடிக்கும் குழந்தையாகிறான், எதுவும் அவனுக்குப் போதாமற் போகிறது என்பதையும் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் காட்டினார். வொலஸ் தங்கியது சொகுசறையிலுமன்று. இன்றைய சொகுசறைக்காரன் நிலையை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒருவர் எழுந்து, பந்திவஞ்சகத்தைப்பற்றிப் பேச யாழ்ப்பாணத்தானுக்கு என்ன தகுதி என்று கேட்டால், அக்கேள்வி நியாயமானது. ஒரே பந்தியில் இலைக்கு இலை வேற்றுமை காட்டக்கூடாது என்று கற்பித்த அதே சமூகம், ஒரே பந்தியில் யார் யார் அமரலாம் என்பதைச் சாதியால் வகுத்து வைத்தது. அறம் பந்திக்குள்ளே இருந்தது, வேலி பந்திக்கு வெளியே இருந்தது. 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் சமபந்திப் போசனத்தை வற்புறுத்தினர். பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் வேண்டும் என்ற கிளர்ச்சிக்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1957 இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், தேநீர்க்கடையில் ஒரே பேணியில் ஒரு வாய் தேநீர் குடிப்பதற்காக 1966 முதல் இளைஞர்கள் அடியுண்டும் உயிர் கொடுத்தும் போராடவேண்டியிருந்தது. உணவுக்கூடத்தின் வாயிலில் ஒருவனை நிறுத்துவது எத்தகையது என்பதைப் புத்தகத்திற் படித்து நாம் அறியவேண்டியதில்லை. கப்பற் கம்பனி பிறப்பைக் கேட்பதில்லை, பணத்தை மட்டுமே கேட்கிறது. அது பெரிய வேறுபாடு, ஒப்புக்கொள்கிறேன். பணத்தை இன்றில்லாவிடினும் நாளை தேடலாம். ஆயினும் வாயிலில் நிற்கும் ஆளின் கையசைப்பு ஒன்றுபோலவே இருக்கிறது.

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கோர்டீலியா கம்பனியின் 'எம்பிரஸ்' கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வந்து காங்கேசன்துறையையும் தொட்டுச் சென்றது. 1990 இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரிற் கடலிலிறங்கிக் கை மாறிக் கை மாறி இந்தியக் கடலுக்கு வந்த கப்பல் அது. சாளரமற்ற உள்ளறை முதற் சொகுசறை வரை அதிலும் படிகள் உண்டு. ஆனால் அக்கம்பனி செய்த ஒன்று என்னைக் கவர்ந்தது. வெங்காயமும் கிழங்கும் உண்ணாத சமணருக்கென வேறு சமையல் செய்து கொடுக்கிறார்கள். இதுவும் வேற்றுமைதான், ஆனால் உண்பவனின் நோன்பை மதித்துக் காட்டும் வேற்றுமை. அவ்வகை வேற்றுமையை எவரும் பந்திவஞ்சகம் என்று சொல்லார். நீரிழிவுக்காரனுக்குச் சர்க்கரையில்லாத கோப்பி கொடுப்பது போன்றது அது. வெளிநாட்டுக் கப்பல்கள் இன்னும் பல நம் துறைமுகங்களுக்கு வரவேண்டும் என்று ஆவலோடு பேசப்படுகிறது. வரட்டும். நம் இளைஞர் அவற்றில் வேலைக்கும் போகட்டும். போவதற்குமுன் அவர்களுக்கு ஆங்கிலமும் மேசைத் துணி மடிக்கும் வகையும் கற்பிக்கின்ற பயிற்சிக்கூடங்கள், ஓய்வுநேரம் எத்தனை மணி, சந்தோஷப் பணம் எவ்வாறு பங்கிடப்படுகிறது, ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்பவற்றையும் கற்பித்தால் நன்று.

கடலிலே ஒரே பந்தி இயலாத காரியம் என்று யாரும் சொல்லவேண்டாம். 2000 ஆம் ஆண்டிற் கடலிலிறங்கிய 'றோயல் கிளிப்பர்' என்ற ஐந்து பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய 227 பிரயாணிகள் செல்லலாம். அதிலும் விலையுயர்ந்த அறைகள் உண்டு, அவற்றிலிருப்போருக்குத் தனிப் பணிவிடையும் உண்டு. போசனசாலை மட்டும் ஒன்றே. ஆசனங்களுக்கு இலக்கமில்லை, வேளைக்கு முறையில்லை. எல்லோரும் ஒரே வேளையில் இருந்து உண்ணத்தக்க அளவினது. மாலையானதும் பெரிய அறைக்காரரும் சிறிய அறைக்காரரும் நடுக்கூடத்திலுள்ள அதே படிகளால் இறங்கி, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே, முன்பின் அறியாத ஒருவர் பக்கத்திற் போய் அமருகிறார்கள்.